அதே பால், ரெண்டு சீட்டு

எங்கள் ஊர் காங்கேயத்துக்கும் வெள்ளகோவிலுக்கும் நடுவில் இருக்கிறது. காங்கேயம் என்றால் காளைக்குத்தான் பேர்; சொசைட்டிக்குப் பால் ஊற்றுவதென்னவோ ஜெர்சிக் கலப்பு மாடுதான். அம்மாவின் கட்டுத்தரையில் இப்போது இரண்டு கறவை. விடிகாலையில் கறந்து, கேனைத் தூக்கிக்கொண்டு, ஐந்தேமுக்காலுக்கெல்லாம் சொசைட்டி வாசலில் நின்றுவிடுவார். காலை வரிசையில் எப்போதும் முதல் ஆள், தப்பினால் இரண்டாவது ஆள். சாயங்காலம் மட்டும் கூட்டத்தோடு கூட்டமாகப் போவார். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிறவன். சர்வர், பிரிண்டர், பில் போடும் சாஃப்ட்வேர், சிசிடிவி, முதலாளி வீட்டு வைஃபை எல்லாம் என் தலையில். சனிக்கிழமை ராத்திரி ஊருக்கு வருவேன். அப்படி வந்த ஒரு கோடைக்கால ராத்திரி, பால் சீட்டுகளைக் குத்தி வைத்திருக்கும் கம்பியை அம்மா என் முன்னால் வைத்தார்.

"பாரு, காலைல மட்டும் ஃபேட்டு உளுந்து போகுது."

பார்த்தேன். காலை 3.4, 3.3, 3.5. சாயங்காலம் 4.1, 4.0, 4.1. காலைப் பாலில் கொழுப்பு கொஞ்சம் குறைவாக இருப்பது வழக்கம்தான், ராத்திரி முழுக்க மடியில் தங்கிய பால். ஆனால் கம்பியில் கீழே இருந்த பழைய சீட்டுகளில் இந்த அளவுக்கு வித்தியாசம் இல்லை. லிட்டருக்கு இரண்டு ரூபாய்க்கு மேல் அடிபட்டிருந்தது. அம்மாவுக்குக் காசைவிடப் பெரிய வலி வேறு. டெஸ்டர் பையன், "தீவனம் ஏதாச்சும் மாத்தினீங்ளா? மாடு தண்ணி நெறையக் குடிச்சிருச்சோ என்னமோ" என்று கேட்டிருக்கிறான். தண்ணீர் கலந்தாயா என்று கேட்காமல் கேட்பது எப்படி என்று பால் ஊற்றுகிற வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். "மெஷின் என்ன காட்டுதோ அதத்தானுங்க்கா நான் போட முடியும்" என்றும் சொல்லியிருக்கிறான். அவனையும் குற்றம் சொல்ல முடியாது.

நான் சின்னப் பையனாக இருந்தபோது அந்த இடத்தில் மெஷின் கிடையாது. செக்ரட்டரி அய்யன் ஒருவர் இருந்தார். கழுத்து நீண்ட கண்ணாடிக் குழாயில் 10 மில்லி கந்தக அமிலம், அதன்மேல் 10.75 மில்லி பால், அப்புறம் 1 மில்லி ஆல்கஹால். ரப்பர் மூடி போட்டு ஒரு துணியில் சுற்றிக் குலுக்குவார், குழாய் கொதிக்கக் கொதிக்கச் சுடும். பிறகு கையால் சுற்றுகிற சக்கரப் பெட்டிக்குள் வைத்துச் சுழற்றுவார். வெளியே எடுத்தால் கழுத்தில் பொன்னிறமாகக் கொழுப்பு தனியே நிற்கும், பக்கத்தில் கோடுகள் இருக்கும். சந்தேகம் கேட்கிற ஆளைக் கூப்பிட்டு, "நீயே எண்ணிக்கோ" என்று வெளிச்சத்தில் பிடித்துக் காட்டுவார். சுவிட்சர்லாந்துக்காரர் கெர்பர் 1891இல் கொண்டுவந்த முறை அது. நாற்றம், சூடு, அமிலம் தெறித்துச் சட்டையில் ஓட்டை, எல்லாம் உண்டு. அந்தக் காலமே நல்ல காலம் என்று சொல்ல வரவில்லை. எங்கள் செக்ரட்டரி அய்யனுக்கு வேண்டியவர் வேண்டாதவர் கணக்கும் இருந்தது. ஆனாலும் அந்தக் கோட்டை எழுதப் படிக்கத் தெரியாத என் ஆத்தாகூட எண்ணிவிட முடிந்தது.

இப்போது இருக்கிற மெஷின் பாலுக்குள் அல்ட்ராசவுண்ட் அனுப்பி, அது போகிற வேகத்தை வைத்துக் கொழுப்பு, எஸ்என்எஃப் (கொழுப்பு நீங்கலான திடச்சத்து) எல்லாம் ஒரு நிமிடத்துக்குள் கணக்குப் போட்டுவிடுகிறது. நல்ல மெஷின்தான். எதை வைத்து எப்படிக் கணக்குப் போட்டது என்பது மட்டும் அதற்குள்ளேயே இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை காலை அம்மா செய்ததை நான் சொல்லித் தரவில்லை. சொல்லித் தந்தேன் என்று எழுதினால் பெருமையாக இருக்கும், ஆனால் இல்லை. கறந்த பாலை ஒரே குண்டாவில் ஊற்றி, கரண்டியால் நன்றாகக் கலக்கி, இரண்டு கேனில் பங்கு போட்டார். ஒன்றை வழக்கம்போல் முதல் ஆளாக நின்று தன் நம்பரில் ஊற்றினார். இன்னொன்றைப் பக்கத்துத் தோட்டத்து அக்காவிடம் கொடுத்து, பத்துப் பேர் கழித்து அவர் நம்பரில் ஊற்றச் சொன்னார். நான் வேப்பமரத்தடியில் வண்டிமேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் சீட்டு 3.4. இரண்டாவது சீட்டு 4.0.

அம்மா சத்தம் போடவில்லை. இரண்டு சீட்டையும் மேஜைமேல் வைத்து, "ஏங்கண்ணு, ஒரே மாட்டுப் பாலு இது. எது நெசம்?" என்றார்.

விசாரித்ததில் காரணம் அரை மணி நேரத்தில் வெளியே வந்துவிட்டது. காலையில் மெஷினைத் தண்ணீர் ஓடவிட்டுக் கழுவுகிறார்கள். அந்தத் தண்ணீர் குழாயில் கொஞ்சம் தங்கி, முதலில் வருகிற இரண்டு மூன்று பாலோடு கலக்கிறது. பழைய டெஸ்டர் முதல் பாலை இரண்டு தடவை சும்மா ஓடவிட்டுத்தான் கணக்குக்கு எடுப்பாராம். அவர் நின்றுவிட்டார், புதுப் பையனுக்கு அதை யாரும் சொல்லவில்லை. ஆக, பாலில் தண்ணீர் கலந்தது உண்மைதான், கலந்தது மெஷின். போன காசு போனதுதான், திரும்ப வரவில்லை.

அம்மா மெஷினைச் சோதித்த மாதிரியே 1986இல் அமெரிக்காவின் டெக்சாஸில் டைலர் என்கிற ஊரில் ஒருவர் செய்திருக்கிறார். தெராக்-25 என்று ஒரு கதிர்வீச்சு சிகிச்சை மெஷின். அதில் நோயாளிகளுக்கு அளவுக்கு மீறிக் கதிர் பாய்ந்து, 1985க்கும் 1987க்கும் இடையில் ஆறு விபத்துகள், சாவுகள். மெஷின் திரையிலோ 'மால்ஃபங்ஷன் 54' என்று ஒரு வரி மட்டும். அளவுக்கு மீறிப் பாய வாய்ப்பே இல்லை என்பது தயாரித்தவர்களின் பதிலாக இருந்தது. அந்த ஆஸ்பத்திரி இயற்பியலாளர் ஃபிரிட்ஸ் ஹேகர், மெஷினை ஓட்டிய பெண்மணியைப் பக்கத்தில் உட்காரவைத்து, அன்றைக்குத் தட்டிய மாதிரியே திரும்பத் திரும்பத் தட்டிப் பார்த்தார். தப்பாக அடித்ததை எட்டு விநாடிக்குள் வேகமாகத் திருத்தினால் மட்டும் கோளாறு வருகிறது என்று பிடித்தார். முந்தைய மாடல்களில் இதைத் தடுக்கத் தனியாகக் கருவிப் பூட்டுகள் இருந்தன. சாஃப்ட்வேர் இருக்கிறதே என்று அவற்றை எடுத்துவிட்டிருந்தார்கள்.

மெஷின் சொல்வதை எதிர்த்துக் கேட்கிறவனுக்கு என்ன கதி என்பதற்குத் தெராக்கைவிடப் பெரிய பாடம் இங்கிலாந்தின் தபால் ஆபீஸ் கதை. அங்கே ஊருக்குள் இருக்கும் சின்னத் தபால் ஆபீஸ்களை நம் ஊர் மளிகைக் கடை மாதிரி தனி ஆட்கள் ஒப்பந்தத்தில் நடத்துகிறார்கள். 1999 வாக்கில் எல்லாக் கிளைக்கும் ஹொரைசன் என்கிற கணக்கு சாஃப்ட்வேர் வந்தது. ஃபுஜிட்சு நிறுவனத்தின் சரக்கு. அதன்பின் சாயங்காலம் கல்லாவை எண்ணினால் கணக்கைவிடப் பணம் குறைந்தது. சிலருக்குச் சில நூறு பவுண்டு, சிலருக்குப் பல ஆயிரம். ஒப்பந்தப்படி பற்றாக்குறையை நடத்துகிறவர்தான் கட்ட வேண்டும். வீட்டை அடமானம் வைத்துக் கட்டினார்கள். கட்ட முடியாதவர்கள்மேல் திருட்டு, பொய்க் கணக்கு என்று வழக்கு. 2015 வரை 900 பேருக்கு மேல் குற்றவாளி என்று தீர்ப்பாகி, சிலர் ஜெயிலுக்கும் போனார்கள். தற்கொலை செய்துகொண்டவர்களும் உண்டு. உதவி எண்ணுக்குப் போன் போட்டவர்களிடம், இந்த மாதிரி உங்களுக்கு மட்டும்தான் வருகிறது என்றார்களாம். எங்கள் ஊரில் அம்மாவிடம் கேட்ட 'தண்ணி நெறையக் குடிச்சிருச்சோ' ஞாபகம் வருகிறது.

வேல்ஸில் லாண்டுட்னோ பக்கம் கடை வைத்திருந்த ஆலன் பேட்ஸ் கட்ட மாட்டேன் என்று நின்றார். 2003இல் ஒப்பந்தத்தைப் பிடுங்கிவிட்டார்கள். விடவில்லை மனிதர், தன்னைப்போல அடிபட்டவர்களைத் தேடித் தேடிச் சேர்த்தார். கடைசியில் 555 பேர் சேர்ந்து போட்ட வழக்கில் 2019 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. ஹொரைசனில் கோளாறுகள் இருந்தன, கிளைக்காரருக்குத் தெரியாமலே தூரத்திலிருந்து கணக்கைத் தொட முடிந்தது என்று நீதிபதி சொன்னார். தபால் நிறுவனத்தின் வாதம் உலகம் தட்டை என்று இந்த நூற்றாண்டில் சாதிப்பதற்குச் சமம் என்றும் எழுதினார். தண்டனைகளை மொத்தமாக ரத்துசெய்ய 2024இல் பாராளுமன்றம் தனிச் சட்டமே போட வேண்டியிருந்தது.

இத்தனை ஆண்டு நீதிமன்றங்கள் எப்படி நம்பின? 1984இல் அங்கே போட்ட சட்டத்தின் 69ஆவது பிரிவு, கம்ப்யூட்டர் கணக்கைச் சாட்சியாகக் காட்டுகிறவர் அந்தக் கம்ப்யூட்டர் ஒழுங்காக வேலை செய்தது என்று நிரூபிக்கச் சொன்னது. அது வீண் தொந்தரவு என்று 1999இல் போட்ட சட்டத்தில் அந்தப் பிரிவை நீக்கிவிட்டார்கள். அதன்பின் கம்ப்யூட்டர் சரியாகத்தான் வேலை செய்யும் என்பதே தொடக்க நிலை. இல்லை என்பவர்தான் காட்ட வேண்டும். உள்ளே எட்டிப் பார்க்கவே முடியாதவர் எதைக் காட்டுவார்? ஹொரைசன் கடை கடையாகப் போய் உட்கார்ந்துகொண்டிருந்த அதே சமயத்தில் இது நடந்தது.

அந்த வழக்கில் வந்த கோளாறுகளில் ஒன்றைப் படித்தபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஸ்காட்லாந்தில் டால்மெலிங்டன் என்ற ஊர். 8,000 பவுண்டைக் கணக்கில் மாற்ற எண்டர் தட்டினால் திரை நகரவில்லை. மறுபடி தட்டினார்கள், மறுபடி, மறுபடி. நான்கு முறையும் பதிவாகி 24,000 பவுண்டு துண்டு விழுந்தது.

வயிற்றைக் கலக்கியதற்குக் காரணம், என் கையெழுத்து ஒன்று.

சில வருடங்களுக்கு முன் எங்கள் கம்பெனிக்கும் ஜாப் ஒர்க் செய்து கொடுக்கிற ஒரு யூனிட்டுக்கும் தகராறு. நாங்கள் அனுப்பிய துணி இத்தனை கிலோ என்று எங்கள் கம்ப்யூட்டர் சொன்னது. அவ்வளவு வரவே இல்லை என்றார்கள் அவர்கள். வக்கீல் ஆபீஸிலிருந்து ஒரு தாள் வந்தது, இந்திய சாட்சியச் சட்டம் 65பி பிரிவின் கீழ் சான்றிதழ். 2000இல் தகவல் தொழில்நுட்பச் சட்டம் வந்தபோது சாட்சியச் சட்டத்துக்குள் நுழைத்த பிரிவு அது. கம்ப்யூட்டர் பிரிண்டைச் சாட்சியாகக் கொடுத்தால் கூடவே இந்தச் சான்றிதழும் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014இல் சொல்லி, 2020இல் மறுபடி உறுதிசெய்தது. குறிப்பிட்ட காலம் முழுக்கக் கம்ப்யூட்டர் ஒழுங்காக இயங்கியது, நடுவில் கெட்டிருந்தாலும் கணக்கைப் பாதிக்கவில்லை என்று அதில் பொறுப்பானவர் எழுதித் தர வேண்டும். பொறுப்பானவர் யார்? வைஃபை பார்க்கிற நான்.

அந்த வாரத்தில் சர்வர் இரண்டு தடவை நின்றுபோனது எனக்குத் தெரியும். டெலிவரி சலான் போடும் பெண் அப்போது எண்டரை எத்தனை தடவை தட்டினார் என்பது அவருக்கே ஞாபகம் இல்லை. சலான் இரட்டிப்பாகியதா என்று பார்க்க வேண்டுமானால் சாஃப்ட்வேர் டேட்டாபேஸில் எப்படி எழுதுகிறது என்று பார்க்க வேண்டும். அது விற்றவர்களிடம் பூட்டிக் கிடக்கிறது, கேட்டால், "எங்க சாஃப்ட்வேர்ல அப்படி வராதுங்க." முதலாளி, "கையெழுத்துதானே, போட்டுக் குடு தம்பி" என்றார். போட்டுக் கொடுத்தேன். வழக்கு பாதியில் பேசித் தீர்ந்துவிட்டது, என்னைக் கூண்டில் ஏற்றவில்லை. தப்பித்தேன் என்று அன்றைக்கு நினைத்தேன். அந்த யூனிட்காரர் கடைசியில் எவ்வளவு விட்டுக் கொடுத்தார் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

2024 ஜூலை 1 முதல் பழைய சாட்சியச் சட்டத்தின் இடத்தில் பாரதிய சாட்சிய அதினியம் வந்துவிட்டது. 65பி போய் 63. சான்றிதழில் இப்போது இரண்டு பாகம்: ஒன்றைத் தருகிறவர் எழுத வேண்டும், இன்னொன்றை நிபுணர் எழுத வேண்டும். கோப்பின் கைரேகை மாதிரியான ஹாஷ் மதிப்பையும் போட வேண்டும். கோப்பில் ஒரு புள்ளியை மாற்றினாலும் ஹாஷ் மாறிவிடும் என்பதால், கொடுத்த பிறகு யாரும் கை வைக்கவில்லை என்பதற்கு அது நல்ல காவல். நல்லது, வரவேற்கிறேன். ஆனால் இரட்டிப்பாக விழுந்த சலானுக்கும் ஹாஷ் சுத்தமாக வரும். அம்மாவின் 3.4 சீட்டையும் ஹாஷ் போட்டுப் பத்திரமாக வைக்கலாம். அது அப்போதும் தண்ணீர் கலந்த 3.4தான்.

மூலநிரலை, அதாவது எழுதிய நிரலை, யாரும் திறந்து பார்த்துத் திருத்தலாம் என்கிற கட்டற்ற மென்பொருள் பற்றிப் பேசினால் எங்கள் கம்பெனியில், "ஓசி சாஃப்ட்வேரா?" என்பார்கள். திருப்பூரில் பல காலம் காசு கொடுக்காமல் கிராக் போட்டு ஓட்டிய ஊர்வழக்கம் அது. விலை இங்கே விஷயமே இல்லை. கட்டற்ற மென்பொருளைத் தொடங்கிவைத்த ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983இல் அதற்கான குனு திட்டத்தை அறிவிப்பதற்கு முன் நடந்த பிரிண்டர் சண்டையை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக ஆய்வகத்தில் பழைய பிரிண்டரில் காகிதம் சிக்கினால், காத்திருக்கிறவர்களுக்குச் செய்தி போகிற மாதிரி அவர் நிரலைத் திருத்தி வைத்திருந்தார். புதிதாக ஜெராக்ஸ் கம்பெனி கொடுத்த லேசர் பிரிண்டருக்கு மூலநிரல் வரவில்லை. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஒருவரிடம் இருக்கிறது என்று போய்க் கேட்டால், தர மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன் என்றாராம். நம் பக்கத்தில் மோட்டார் காயில் கட்டுகிறவரிடம் இதைச் சொன்னால் சிரிப்பார். கிணற்று மோட்டார் புகைந்தால் தூக்கிக்கொண்டு போய்ப் போடுகிறோம். அவர் பிரிக்கிறார், சுற்று எண்ணுகிறார், கருகிய கம்பியை எடுத்து நம்மிடமே காட்டுகிறார். மூடியைத் திறக்கக் கூடாது என்று எந்த பம்ப்செட் கம்பெனியாவது எழுதி வாங்கினால் கோயமுத்தூரில் ஒரு பம்ப்செட் விற்க முடியாது.

சட்டம் முழுக்க எதிராக இருக்கிறது என்று நினைத்திருந்தேன், அப்படியும் இல்லை. நம் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆவது பிரிவில், ஒரு நிரல் எந்தக் கருத்தின்மேல் ஓடுகிறது என்று தெரிந்துகொள்ள அதைக் கவனிப்பதும் ஆராய்வதும் சோதிப்பதும் பதிப்புரிமை மீறல் ஆகாது என்றே இருக்கிறது. இரண்டு கேனில் ஊற்றிப் பார்க்கிற உரிமை என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் அந்த நிரல் அடுத்தவர் சர்வரில் ஓடினால் கதை வேறு. அனுமதி இல்லாமல் உள்ளே நுழைந்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43, 66 பிரிவுகள், மோசடி எண்ணத்தோடு செய்ததென்றால் மூன்று வருடம் வரை ஜெயில். இப்போது எல்லாம் சர்வரில்தானே ஓடுகிறது. வீட்டுக்கு வந்த மோட்டாரைப் பிரிக்கலாம், மோட்டாரே வீட்டுக்கு வரவில்லை என்றால்?

மூலநிரல் திறந்திருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் ஒரு காலத்தில் பேசித் திரிந்தேன். ஹார்ட்பிளீட் என்று பேர் வைத்த ஒரு பாதுகாப்பு ஓட்டை வாயை அடைத்தது. பாதி இணையத்தின் பூட்டாக இருந்த ஓபன்எஸ்எஸ்எல், யார் வேண்டுமானாலும் படிக்கலாம், 2012இல் வந்த ஓட்டையை 2014 வரை யாரும் படித்துக் கண்டுபிடிக்கவில்லை. படிக்கலாம் என்பது வேறு, படித்தார்கள் என்பது வேறு. அப்புறம் 2024 மார்ச்சில் ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்கிற பொறியாளர், தன் கம்ப்யூட்டரில் எஸ்எஸ்எச் (தூரத்திலிருந்து கம்ப்யூட்டருக்குள் நுழைகிற வாசல்) உள்ளே விட அரை விநாடி அதிகம் எடுக்கிறதே என்று நோண்டப் போய், எக்ஸ்இசட் என்கிற சின்ன நிரலில் யாரோ இரண்டு மூன்று வருடம் நல்லவனாக நடித்து வைத்த கள்ளக் கதவைக் கண்டுபிடித்தார். அரை விநாடி! திறந்த நிரலாக இருந்ததால் அவரால் நோண்ட முடிந்தது. ஆனால் திறந்த நிரலில்தான் அந்தக் கதவையும் வைத்தார்கள். இரண்டையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். நானே என் ஆபீஸ் லினக்ஸ் சர்வரில் ஓடுகிறதில் நூற்றில் ஒரு பங்குகூடப் படித்ததில்லை. ஆனால் சந்தேகம் வந்த அன்றைக்குப் போய்ப் பார்க்கலாம், அல்லது பார்க்கத் தெரிந்த ஒருவரைக் கூலி கொடுத்துக் கூப்பிடலாம். காயில் கட்டுகிறவரைக் கூப்பிடுகிற மாதிரி.

எங்கள் கம்பெனியில் அந்தச் சலான் சாஃப்ட்வேர் இன்னும் ஓடுகிறது. மாற்றச் சொல்லி மூன்று தடவை சொன்னேன், "அடுத்த வருசம் பாக்கலாம்" ஆகிவிட்டது. என்னால் முடிந்தது, ராத்திரி பத்து மணிக்கு அன்றைய சலான்களைத் தனியாக எடுத்து, ஒரே நிமிடத்தில் ஒரே எடையில் இரண்டு இருந்தால் எனக்கு மெயில் அனுப்புகிற பதினைந்து வரி ஸ்கிரிப்ட். மாதத்துக்கு ஒன்றிரண்டு வருகிறது. வரும்போதெல்லாம் அந்தப் பழைய கையெழுத்து ஞாபகத்துக்கு வருகிறது.

சொசைட்டியில் போன தையோடு சீட்டு நின்றுவிட்டது. மெஷின் நேராக ஆன்லைனில் ஏற்றிவிடுகிறது, போனுக்கு மெசேஜ் வரும். பட்டன் போன் வைத்திருக்கிற அம்மாவுக்கு மெசேஜ் பெட்டி நிறைந்து பாதி வருவதில்லை. டெஸ்டர் பையன் இப்போது பழகிவிட்டான், முதல் பாலை ஓடவிட்டுத்தான் எடுக்கிறான். இருந்தாலும் அம்மா மெஷினில் எண் தெரிகிறவரை நகர்வதில்லை. வீட்டுக்கு வந்ததும் சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டர் தாளில், ராகு காலத்துக்குக் கீழே, எழுதி வைக்கிறார். போன வாரம் கிழித்த தாள்களைக் கட்டி வைத்திருந்ததைப் புரட்டினேன். '3.9'. '4.0'. '3.9, கரண்டு போயி வந்துச்சு'. '4.1'. ஒரு தாளில் எண்ணுக்குப் பதிலாக, 'பாக்க உடல' என்று மட்டும் இருந்தது.